திட்டம் முடிந்த பிறகு தோட்டத்துக்கு யார் தண்ணீர் விடுவது?

பதியன்:
கிராமத் தோட்டக்கலைத் திட்டம் ஒன்றில் மூன்று ஆண்டு களப்பணியாளராக இருந்தேன். எந்த அமைப்பு என்பதெல்லாம் வேண்டாம், ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரிதான். கன்று கொடுத்தோம், சொட்டுநீர் போட்டோம், நிழல்வலைக் கூடம் கட்டினோம், பயிற்சி நடத்தினோம், கடைசி நாளில் எல்லோரும் நின்று படமும் எடுத்துக்கொண்டோம். இரண்டு ஆண்டு கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது சும்மா எட்டிப் பார்த்தேன். சொட்டுநீர்க் குழாய் சுருட்டிப் பரணில் கிடக்கிறது, நிழல்வலை மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது, பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று நிற்கிறது. நாற்பது வீட்டில் ஏழெட்டு வீட்டில்தான் மரம் உயிரோடு இருந்தது.

அந்த ஏழெட்டு வீட்டில் என்ன வித்தியாசம் என்பதுதான் அன்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. பணக்கார வீடுகளும் கிடையாது, பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களும் கிடையாது. பெரும்பாலும் கிணறோ குழாயோ வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது, அப்புறம் என்ன மரம் வேண்டும் என்று அவர்களே கேட்டு வாங்கியிருந்தார்கள். மற்றவர்களுக்கு லாரியில் வந்ததை இறக்கிக் கொடுத்தோம்.

இப்போது புதிதாக ஒரு திட்ட அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'நீடித்திருத்தல்' என்று கடைசி அத்தியாயம் ஒன்று உண்டு, அதில் வழக்கமாக 'சமூகமே பொறுப்பேற்கும்' என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வோம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்:
முதல் கோளாறு நாட்காட்டியில் இருக்கிறது. திட்டத்துக்கு ஆயுள் மூன்று ஆண்டு. மா ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் பூக்கலாம், ஆனால் கணக்கில் சேருகிற விளைச்சல் வர ஆறேழு ஆண்டு ஆகும். அதாவது மரத்துக்குக் கவாத்து (கிளை வெட்டிச் சீராக்குவது), உரம், பூச்சி கவனிப்பு என்று எல்லாம் தேவைப்படுகிற நேரத்தில் நீங்கள் அலுவலகத்தைக் காலி செய்துகொண்டு போயிருப்பீர்கள். அதனால்தான் அறிக்கையில் 'நட்ட கன்று இத்தனை ஆயிரம்' என்று வருகிறது, பிழைத்த கன்று எத்தனை என்று வருவதில்லை.

நான் தணிக்கைக்குப் போன இடங்களில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன், இரண்டு கோடை தாண்டிய கன்று எத்தனை? பதில் சொல்ல ஆள் இருக்காது. பணத்தை அதோடு கட்டுங்கள். நடும்போது ஒரு பங்கு, முதல் கோடை தாண்டியதும் ஒரு பங்கு, இரண்டாவது கோடைக்குப் பிறகு எண்ணிப் பார்த்து மீதி. செத்த இடத்தில் மறுநடவு செய்யக் கன்றும் பணமும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். பத்தில் இரண்டாவது போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவது நல்லது. எல்லாமே பிழைக்கும் என்று எழுதுகிறவர் கன்று நட்டதே இல்லை.

இன்னொன்று, மரம் காய்க்கும்வரை அந்த வீடு எதை வைத்து ஓடும்? இடைவெளியில் காய்கறி, பயறு, கீரை என்று மூன்று நான்கு மாதத்தில் கையில் காசு தருகிற ஊடுபயிர் இல்லையென்றால் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் மனசு வராது. ஊடுபயிருக்குப் பாய்கிற தண்ணீரில்தான் மரமே பிழைக்கிறது, பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

விதைக்குடுவை:
லாரியில் வந்த கன்று என்றீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பையில் அதிக நாள் கிடந்த கன்றுக்கு ஆணிவேர் அடியில் சுருண்டுகொண்டிருக்கும். நட்ட முதல் ஆண்டு பச்சையாகத்தான் நிற்கும், மூன்றாம் ஆண்டில் காற்றடித்தால் சாயும், கோடையில் காயும். வாங்குகிற அன்றைக்கே நாலு பையைக் கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கொள்முதல் விதியில் 'பையைக் கிழித்துப் பார்க்கவும்' என்று எங்கே எழுதியிருக்கிறது? உயரம், விலை, எண்ணிக்கை, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய பாவம், இலவசக் கன்று உள்ளூர் நாற்றங்காலைக் கொன்றுவிடுவது. ஒரு பெண் வீட்டுக் கொல்லையில் நாற்று விட்டு விற்றுக்கொண்டிருப்பார். திட்டம் வந்து மூன்று ஆண்டு சும்மா கொடுத்தால் அவரிடம் யார் வாங்குவார்கள்? அவர் கடையை மூடுவார், நீங்களும் போய்விடுவீர்கள், நான்காம் ஆண்டில் கன்று வேண்டும் என்றால் ஊரில் ஒருவரும் இருக்கமாட்டார். கன்றுக்குப் பதில் சீட்டு கொடுங்கள், குடும்பம் அந்தச் சீட்டைக் கொண்டுபோய்ப் பிடித்த நாற்றங்காலில் பிடித்த கன்றை வாங்கட்டும், பணம் நாற்றங்காலுக்குப் போகட்டும். தரச் சோதனையும் ஒட்டுக் கட்டும் பயிற்சியும் அங்கே நடக்கட்டும். பதியன் சொன்ன 'கேட்டு வாங்கியவர்கள்' கணக்கும் இதில் தானாக வந்துவிடும்.

காய்கறி விதையிலும் இதே கதைதான். முதல் ஆண்டு வீரிய ஒட்டு விதை, அதாவது இரண்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கிய விதை, இலவசம். அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி குணம் மாறும், ஒன்று காய்க்கும், ஒன்று காய்க்காது. விவசாயி என்னமோ தான்தான் தப்பு செய்துவிட்டதாக நினைத்து விட்டுவிடுவார். வீரிய ஒட்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அடுத்த ஆண்டு விதை வாங்கக் கடை எங்கே, காசு எங்கே என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு விதை எடுத்து வைக்கக்கூடிய ரகமே போதும்.

சந்தைமேடு:
இலவசத்தை நிறுத்துங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யார் கேட்கிறார்கள்? சும்மா வந்த மோட்டார் பழுதானால் 'கொடுத்தவர்கள் வந்து சரி செய்யட்டும்' என்றுதான் நிற்பார்கள். பாதிப் பணமாவது பயனாளி போட வேண்டும்.

கொடிவீடு:
பாதிப் பணம் போட முடிந்தவர் மட்டும்தான் சேர முடியும் என்றால் அந்தத் திட்டம் யாருக்கு? நிலம் உள்ள, கையில் காசுள்ள நாலு வீட்டுக்கு. அந்த நாலு வீட்டில் நன்றாக நிலைக்கும், சந்தேகமே இல்லை. உங்கள் புள்ளிவிவரமும் அழகாக இருக்கும்.

சந்தைமேடு:
சரி, ஒப்புக்கொள்கிறேன். பாதி என்றது அவசரம். குழி வெட்டுவது, வேலி கட்டுவது, எரு கொண்டுவருவது என்று உழைப்பாகப் போடட்டும். ஆனால் பழுதுபார்க்கும் செலவை உழைப்பாகக் கொடுக்க முடியாதே, மோட்டார் காயில் கட்டுகிறவர் ரொக்கம்தான் கேட்பார். முதல் அறுவடையிலிருந்தே சிறு தொகை பொதுப் பெட்டியில் விழ வேண்டும், திட்டம் இருக்கும்போதே ஒரு தடவையாவது அந்தப் பெட்டிப் பணத்தில் பழுது பார்த்திருக்க வேண்டும். அப்படிச் செய்து பழகாத குழு பிறகும் செய்யாது.

வால்வு:
சொட்டுநீர் பரணுக்குப் போன கதைக்கு என்னிடம் விடை இருக்கிறது, இருபது ஆண்டாக அதைப் பொருத்துவதுதான் என் பிழைப்பு. அடைப்பு. வேறொன்றும் இல்லை. ஃபில்டரைக் கழுவமாட்டார்கள். பக்கவாட்டுக் குழாயின் கடைசி மூடியைத் திறந்து சேற்றை வெளியேற்றமாட்டார்கள். உப்புத் தண்ணீர் என்றால் சொட்டுவானில், அதாவது தண்ணீர் சொட்டுகிற வாயில், சுண்ணாம்பு படியும், அதற்கு அமிலம் விட வேண்டும், பாசி என்றால் குளோரின். கால்சியம் உரத்தையும் பாஸ்பேட் உரத்தையும் ஒரே தொட்டியில் கலந்து விடுவார்கள், இரண்டும் சேர்ந்து கெட்டியாகி மொத்த வரிசையையும் அடைத்துவிடும். முதல் பருவம் ஓடும், இரண்டாம் பருவம் பாதிச் செடிக்குத் தண்ணீர் வராது, மூன்றாம் பருவம் வாய்க்கால் பாசனத்துக்கே திரும்பிவிடுவார்கள். எலி கடிப்பது வேறு.

இதையெல்லாம் பொருத்துகிற அன்று பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம், நானும்தான். ஒப்பந்தத்தில் பொருத்துவதற்குத்தான் காசு, ஓடிக்கொண்டிருப்பதற்குக் காசு இல்லை. கணக்கர் கன்றுக்குச் சொன்ன தவணை முறையை எங்களுக்கும் போடுங்கள், நாலாவது பருவத்திலும் கடைசிச் செடிக்குத் தண்ணீர் வந்தால்தான் கடைசித் தவணை என்று. வாயில் திட்டினாலும் நாங்கள் வந்து கழுவிக் கொடுப்போம். ஊரிலேயே இரண்டு பேரைப் பழக்கி, உதிரிப் பாகம் ஒரு பெட்டி கொடுத்து வைத்தால் இன்னும் மேல்.

சூரியசக்தி மோட்டார் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அதைக் கொண்டாடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் இறைக்கக் காசு செலவில்லை என்றால் வெயில் இருக்கும்வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும், கிணறு கீழே போவதை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து சுவரில் எழுதி வையுங்கள், எந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பதியன்:
வால்வு, கடைசிச் செடி என்றதும் எலினோர் ஆஸ்ட்ரம் ஞாபகம் வருகிறது. 2009இல் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவர்தான். நேபாளத்தில் பாசன அமைப்புகளை அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கல்லும் மண்ணும் கிளையும் போட்டு விவசாயிகளே கட்டிய அணைகளில் கடைமடைவரை தண்ணீர் போனது, பொறியாளர்கள் சிமென்டில் கட்டிய நிரந்தர அணைகள் பலவற்றில் போகவில்லை. காரணம்தான் வேடிக்கை. மண் அணை ஒவ்வோர் ஆண்டும் உடையும், அதைக் கட்ட ஊரே வர வேண்டும், அதனால் கடைமடைக்காரரின் கை தலைமடைக்காரருக்குத் தேவைப்பட்டது. சிமென்ட் வந்ததும் அந்தத் தேவை போனது, கூடவே தண்ணீரைப் பகிர்கிற ஒப்பந்தமும் போனது. நாம் 'உறுதியாக' ஒன்றைக் கட்டிக் கொடுக்கும்போது எந்த உறவை உடைக்கிறோம் என்று யோசிப்பதே இல்லை.

சந்தைமேடு:
எல்லோரும் தண்ணீரையும் கன்றையுமே பேசுகிறீர்கள். விற்காத காயை எவன் விளைவிப்பான்? ஊரில் அறுபது வீடு இருந்தால் அறுபதுக்கும் ஒரே ரகத் தக்காளி நாற்று, ஒரே வாரத்தில். அறுவடையும் ஒரே வாரத்தில்தான் வரும், விலை தரையில் விழும், அடுத்த பருவம் ஒருவரும் போடமாட்டார்கள், அப்போது விலை ஏறும், அதைப் பார்த்து மறுபடி எல்லோரும் போடுவார்கள். பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்தி வலைச் சுழற்சி என்று பெயர், 1930களிலேயே எழுதிவிட்டார்கள். திட்டங்கள் இன்னும் அதை நாற்றோடு சேர்த்து வினியோகிக்கின்றன.

நடுவதற்கு முன்பே வாங்குகிறவர் இரண்டு மூன்று பேரைக் கூட்டி வந்து எந்த மாதம் என்ன ரகம், எந்த அளவுக் காய் வேண்டும் என்று கேளுங்கள். நடவைப் பதினைந்து நாள் இடைவெளியில் பிரியுங்கள். வியாபாரியை வில்லனாக்குகிற திட்டங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், திட்டம் போன பிறகு வண்டியோடு வந்து நிற்பது அவர்தான்.

ஜப்பானில் ஓயாமா என்ற மலை ஊர் தெரியுமா? ஓய்தா மாகாணத்தில் இருக்கிறது. அரசு நெல்லைப் போடு நெல்லைப் போடு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1961இல், எங்களிடம் சமநிலமே இல்லை, பிளம்மும் செஸ்ட்நட் என்ற கொட்டை மரமும் நடுகிறோம் என்று ஊரே முடிவெடுத்தது. 'பிளம், செஸ்ட்நட் நட்டு ஹவாய்க்குப் போவோம்' என்பதுதான் அவர்கள் முழக்கம், பின்னால் நிஜமாகவே போனார்கள்! அதைப் பார்த்துத்தான் 1979இல் அந்த மாகாண ஆளுநர் ஹிராமட்சு 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கத்தைத் தொடங்கினார், தாய்லாந்து உட்படப் பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன.

ஈரமணல்:
அந்தக் கதையை எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 'ஒரே கிராமம், ஒரே பயிர்' என்று புரிந்துகொண்டு மேலிருந்து ஆணை போட்ட இடங்கள் ஏராளம். ஓயாமா ஒரு பயிரோடு நிற்கவில்லை, பிளம் பழத்தை ஊறவைத்துப் பதப்படுத்தி விற்றார்கள், காளானுக்குப் போனார்கள், பிறகு 1990இல் விவசாயிகள் விளைந்ததைத் தாங்களே கொண்டுவந்து விற்கும் கடையும் போட்டார்கள். ஹிராமட்சுவும் உற்பத்தியாளர் கையில் மானியத்தைத் திணிக்கவில்லை, தொழில்நுட்ப உதவியும் விற்பனைக்கு வழியும் செய்து கொடுத்தார். முடிவு ஊருடையது. அதை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் நகலெடுத்தால் என்ன கிடைக்கும்?

ஒரே ரகத்தை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வாழை போதும். குரோ மிஷேல் என்ற ஒரே ரகத்தை வைத்து உலக ஏற்றுமதியே நடந்தது, பனாமா வாடல் நோய் வந்து 1950கள், 60களில் அதைத் துடைத்துவிட்டது. கேவண்டிஷ் என்ற வேறு ரகத்துக்கு மாறினார்கள். இப்போது அதையும் கொல்கிற, அதே நோயின் டிஆர்4 வகை 2019இல் கொலம்பியாவரை போய்ச் சேர்ந்துவிட்டது. கிருமி மண்ணில் பல ஆண்டு கிடக்கும், மருந்து அடித்துத் தீராது.

என் துறை அறுவடைக்குப் பின் பராமரிப்பு, அதனால் குளிர்பதனக் கிடங்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். அதாவது அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் சரக்கு வருகிற ஊரில் அதன் மின் கட்டணத்தை யாரும் தாங்கமாட்டார்கள். தவிர எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டு 5 டிகிரி வைப்பார்கள். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், தக்காளிக் காய்க்கும் அந்தக் குளிர் ஆகாது, பழுக்கும்போது வெளிவிடுகிற எத்திலீன் வாயு பக்கத்துக் கீரையை மஞ்சளாக்கிவிடும்.

முதலில் அதிகக் காசு ஆகாத வேலையைச் செய்யுங்கள். விடியலில் பறிப்பது, பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுபோவது, சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை, நசுங்கியதை அங்கேயே பிரித்துவிடுவது. இந்த நான்கிலேயே பெரும்பங்கு நஷ்டம் நிற்கும். வறண்ட பகுதி என்றால் இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி நடுவில் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஈர மணல் நிரப்புகிற குளிர் அறை இருக்கிறது, 1980களில் புதுதில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது, மின்சாரமே வேண்டாம். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகமான ஊரில் அது குளிராது. அதைப் பார்க்காமல் அங்கேயும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், கோழி முட்டையிட வசதியாக இருக்கிறது.

கொடிவீடு:
இவ்வளவு நேரம் படித்தேன். கன்று, வால்வு, கிடங்கு, ஜப்பான் எல்லாம் வந்தது. தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்று தலைப்பில் கேட்டுவிட்டு அதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நான்தான் ஊற்றுகிறேன். எங்கள் ஊருக்கும் திட்டம் வந்தது. பயனாளிப் பட்டியலில் வீட்டுக்காரர் பெயர், ஏனென்றால் பட்டா அவர் பெயரில். பயிற்சிக்குப் போனதும் அவர்தான், சாப்பாடும் கைப்பையும் வாங்கி வந்தார், கவாத்து எப்படிச் செய்வது என்று கேட்டால் 'காகிதத்தில் இருக்கிறது பார்' என்றார். கூட்டம் எப்போதும் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் நான் கூலி வேலையில் இருப்பேன். மரம் வீட்டிலிருந்து எட்டு வயல் தள்ளி, இரண்டு குடமாகச் சுமந்து போய் ஊற்ற வேண்டும். முதல் கோடை ஊற்றினேன். இரண்டாவது கோடையில் இடுப்பு விட்டுப்போனது. ஆறு மரம் போய்விட்டது. 'பெண்கள் ஈடுபாடு குறைவு' என்று எழுதிக்கொண்டார்கள் என்று கேள்வி.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம் உண்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் இடம். அங்கே முருங்கையும் பப்பாளியும் நானாக வைத்தது. எந்தத் திட்டத்திலும் இல்லை. இன்றைக்கும் காய்க்கிறது.

கணக்கர்:
கொடிவீடு அம்மா சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டு. வங்கதேசத்தில் ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய வீட்டுத் தோட்டத் திட்டம், முக்கியமாகப் பெண்களை வைத்து நடந்தது, உள்ளூர் அமைப்புகள் வழியாக. 2005இல் வெளியான ஆய்வில் மூன்று குழுவை ஒப்பிட்டார்கள். ஆண்டு முழுவதும் காய் பழம் தருகிற தோட்டங்கள், திட்டத்தில் இருந்தவர்களிடம் 78 சதவீதம், திட்டம் முடிந்து மூன்று ஆண்டு ஆனவர்களிடம் 50 சதவீதம், சேராதவர்களிடம் 15 சதவீதம். நான் இதை எப்படிப் படிக்கிறேன் என்றால், 78இலிருந்து 50 என்பது சரிவுதான், மறைக்க வேண்டாம். ஆனால் பதியன் பார்த்த ஊரோடு ஒப்பிட்டால் பாதி நிற்பது சாதனை. வெளியேறிய பிறகு போய் எண்ணினார்கள் பாருங்கள், அதற்கே ஒரு கும்பிடு.

விதைக்குடுவை:
பயிற்சியைக் காகிதத்தில் கொடுத்தால் இப்படித்தான். 1989இல் இந்தோனேசியாவில் நெல்லுக்குத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி முறை எனக்குப் பிடிக்கும். ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருநாள் வயலிலேயே கூடி, பூச்சியை எண்ணி, வரைந்து, மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று அவர்களே வாதாடி முடிவெடுப்பார்கள். தோட்டத்துக்கும் பொருந்தும், என்ன, மரப்பயிருக்கு ஒரு பருவம் போதாது. கவாத்துக்கு ஒரு நாள், பூக்கும்போது ஒரு நாள், பறிக்கும்போது ஒரு நாள் என்று இரண்டு மூன்று ஆண்டு நீட்ட வேண்டும்.

பதியன்:
எல்லோருக்கும் நன்றி. அறிக்கையில் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டேன், அதிலிருந்ததை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இப்போதைக்கு இவ்வளவு எழுதியிருக்கிறேன். கன்றுக்குப் பதில் சீட்டு. இரண்டு கோடைக்குப் பிறகு எண்ணிக்கை, பணம் அதற்கேற்ப. மோட்டாருக்கும் குழாய்க்கும் நான்காம் பருவம்வரை தவணை, பழுதுப் பெட்டி முதல் அறுவடையிலிருந்து. நடவுக்கு முன் வியாபாரிகளோடு ஒரு கூட்டம். பட்டா யார் பெயரில் இருந்தாலும் தண்ணீர் ஊற்றுகிறவர் பெயரில் பதிவு, கன்று எங்கே நடுவது என்பதும் அவர் முடிவு. திட்டம் ஐந்து ஆண்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், கடைசி இரண்டில் ஊழியர் ஒருவர் மட்டும், மாதம் இரண்டு நாள். தரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன், கேட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அந்த ஊரில் முதல் கூட்டம்.

கொடிவீடு:
எத்தனை மணிக்கு?

பதியன்:
காலை பத்து என்று போட்டிருக்கிறது. இன்று மாலை போய் மாற்றச் சொல்கிறேன். எத்தனை மணி வைத்தால் உங்களைப் போன்றவர்கள் வர முடியும்?

கொடிவீடு:
என்னைக் கேட்டால்? அந்த ஊரில் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்க் கேளுங்கள். காலை ஆறு மணிக்குள் போனால் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.